ஆக்சஸ் கணக்கை சர்வருடன் இணைப்பது எப்படி? சங்க அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். "அக்காவோட கம்ப்யூட்டர்ல இருக்கு" என்பார்கள். அந்தக் கணினியைத் திறந்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு தம்பி மைக்ரோசாப்ட் ஆக்சஸில் செய்து கொடுத்த கோப்பு ஒன்று இருக்கும். உறுப்பினர் பாரம் ஒன்று, ரசீது பாரம் ஒன்று, ஆண்டுக் கூட்டத்துக்கான அறிக்கை ஒன்று. செய்து கொடுத்தவர் ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார். கோப்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஓடும் கோப்பை, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் தரவுத்தளச் சர்வருடன் இணைக்க முடியும். பழகிய பாரங்கள் அப்படியே இருக்கும். அவற்றுக்குப் பின்னால் உள்ள தரவு மட்டும் உறுதியான இடத்துக்கு மாறும். சிறிய சங்கங்களுக்கு உரிமக் கட்டணம் இல்லாமலேயே இது சாத்தியம். ஆனால் சில விஷயங்களைக் கவனிக்காமல் இணைத்தால், இருந்த கணக்கும் கெட்டுப்போகும்.

தமிழ் படித்த நிருபருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பல்கலைக்கழக விடுமுறைகளில் கிள்ளானில் ஒரு கடனுதவிச் சங்கத்தின் கிளை அலுவலகத்தில் பகுதிநேரமாகத் தட்டச்சு வேலை பார்த்தேன். மூன்று கணினிகள், ஒரே ஆக்சஸ் கோப்பு. ஒருநாள் மதியம் கோப்பு திறக்கவில்லை. இருந்த பழைய நகல் நான்கு மாதத்துக்கு முந்தியது. அந்த நான்கு மாத ரசீதுகளையும் கார்பன் நகல்களைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். ஒரு ரசீதுப் புத்தகம் மட்டும் எங்கள் கண்ணில் படவே இல்லை.

அடுத்த ஆண்டு ஒரு பாட்டி வந்தார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கணவர் இறந்துவிட்டார். மரண சகாய நிதி கேட்டு வந்திருந்தார். கணினியில் பார்த்தால் மூன்று மாதச் சந்தா பாக்கி. தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் சகாய நிதி கிடையாது என்பது சங்கத்தின் விதி.

"தம்பி, அவரு மாசம் தவறாம கட்டினாரு. எல்லாம் இதுல இருக்கு பாரு" என்று ஒரு மைலோ டின்னை மேசைமேல் வைத்தார். ரசீதுகள் எல்லாம் அதில் இருந்தன. எங்கள் கண்ணில் படாத புத்தகத்தின் எண்களும் இருந்தன. பணம் கொடுத்துவிட்டோம். டின் இல்லாமல் வந்த வேறு யாராவது இருந்தார்களா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டுதான் கணக்கை சர்வருக்கு மாற்றுவதென்று கிளை முடிவு செய்தது.

கிராணியும் செக்ரோலும்

கோப்பு ஏன் கெட்டது? ஆக்சஸ் 1992-இல் வெளிவந்தது. ஒருவர் அல்லது ஒரு சிறிய குழு பயன்படுத்தும் மேசைக் கணினித் தரவுத்தளம் அது. கோப்பைப் பொதுவான இடத்தில் வைத்து மூன்று பேர் திறந்தால், மூன்று கணினிகளில் ஓடும் மூன்று ஆக்சஸ் நிரல்களும் வலையமைப்பு வழியாக அதே கோப்புக்குள் கைவிட்டு எழுதுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை அறுந்தாலோ ஒரு கணினி அணைந்தாலோ, பாதி எழுதிய பக்கம் பாதியிலேயே நின்றுவிடும். கோப்பு கெடுவதற்கு அது போதும்.

சர்வர் வேறு மாதிரி வேலை செய்கிறது. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகத்தைக் கிராணி யார் கையிலும் கொடுப்பதில்லை. சன்னலில் நின்று கேட்டால் அவரே பார்த்துச் சொல்வார். மாற்றம் இருந்தால் அவரே எழுதுவார். தரவுத்தளச் சர்வர் அந்தக் கிராணியைப் போல. உங்கள் கணினி கோப்பைத் தொடாது. கேள்வியை மட்டும் அனுப்பும். சர்வர் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் உறுதி சொல்லும். நடுவில் மின்சாரம் போனாலும், மறுபடி எழுந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து, முடிந்த வேலையைச் சேர்த்துக்கொள்ளும்; முடியாததை நீக்கிவிடும்.

இன்னொன்று அளவு. ஓர் ஆக்சஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது. பெயர்களும் தொகைகளும் மட்டும் என்றால் அந்த எல்லையை எட்டப் பல காலம் ஆகும். உறுப்பினரின் படத்தையும் மைகார்டின் நகலையும் கோப்புக்குள்ளேயே ஒட்டி வைக்கும்போதுதான் அது வேகமாக ஊதிப்போகும். எங்கள் கிளையில் நடந்தது அதுதான். படங்களைத் தனி அடைவில் வைத்து, அந்தப் படம் இருக்கும் இடத்தை மட்டும் அட்டவணையில் எழுதி வைப்பதே நல்லது. சர்வருக்கு மாறினாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் சர்வர் வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று பேர், கம்பி வலையமைப்பு, சில ஆயிரம் உறுப்பினர்கள் என்றால், கோப்பை இரண்டாகப் பிரிப்பதே போதும். ஆக்சஸில் 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அட்டவணைகள் ஒரு கோப்பில் பொதுக் கணினியில் இருக்கும். பாரங்களும் அறிக்கைகளும் உள்ள முன்கோப்பு ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருக்கும். ஒரே முன்கோப்பை எல்லோரும் பகிர்ந்து திறப்பது கூடாது.

ஆக்சஸ் கோப்பை இணையச் சேமிப்பு அடைவில் வைத்து இருவர் திறப்பதும் கூடாது. அந்தச் சேவைகள் முழுக் கோப்பையும் தூக்கி மாற்றுபவை. இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் இரண்டு வேறு கோப்புகள் கிடைக்கும், எது சரி என்று சொல்ல ஆள் இருக்காது.

கிளைகள் பல ஊர்களில் இருந்தால், ஒரே நேரத்தில் பலர் ரசீது போட்டால், பணம் சம்பந்தப்பட்ட கணக்கு ஒருநாள்கூடத் தொலையக் கூடாது என்றால் சர்வருக்குப் போகலாம். ஆக்சஸோடு எளிதாகப் பொருந்துவது மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வர். அதன் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம். 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி இடம் உண்டு. ஒரு சங்கத்துக்கு அது தாராளம். ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றோடும் இணைக்கலாம். வழி ஏறக்குறைய ஒன்றுதான், சிக்கல்களின் பெயர்தான் மாறும். இனி சொல்வது எஸ்கியூஎல் சர்வரை வைத்து.

இணைக்கும் முன் வீட்டைக் கூட்டுங்கள்

வேலையில் பெரும்பகுதி இங்கேதான். ஆக்சஸ் சாதுவானது, தப்பாக எழுதினாலும் பொறுத்துக்கொள்ளும். சர்வர் அப்படிப் பொறுக்காது.

முதலில் தேதி. 1952 என்று அடிக்க வேண்டியதை 952 என்று யாராவது அடித்திருந்தால், ஆக்சஸ் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். அது கி.பி. 100-ஆம் ஆண்டு முதலே தேதிகளை ஏற்கும். எஸ்கியூஎல் சர்வரின் 'டேட்டைம்' வகையோ 1753 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. பிரிட்டன் 1752-இல் நாள்காட்டியை மாற்றியதால் அடுத்த முழு ஆண்டைத் தொடக்கமாக வைத்தார்கள். நம் தோட்டத்து உறுப்பினரின் பிறந்த தேதிக்கும் பிரிட்டனின் நாள்காட்டிக்கும் முடிச்சு இப்படித்தான் விழுகிறது. ஒரே ஒரு தவறான தேதி இருந்தாலும் அந்தப் பதிவு மாறாமல் நின்றுவிடும். 1900-க்கு முந்திய தேதி ஏதாவது இருக்கிறதா என்று தேடித் திருத்திவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது அடையாள அட்டை எண். மைகார்ட் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. 2003-இல் பிறந்தவரின் எண் 03 என்று தொடங்கும். அந்தக் கட்டத்தை எண் வகையாக வைத்திருந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்துவிடும். 11 இலக்கம்தான் மிஞ்சும். பழைய கோப்பைச் செய்தபோது உறுப்பினர்கள் எல்லாரும் பெரியவர்கள், அதனால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் உறுப்பினர்கள். அதை எழுத்து வகையாக மாற்றுங்கள்.

மூன்றாவது, தமிழ்ப் பெயர்கள். இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வரில் எழுத்துகளை வைக்க 'வார்சார்', 'என்வார்சார்' என்று இரண்டு வகை உண்டு. வழக்கமான அமைப்பில் முதலாவதில் தமிழை வைத்தால், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். திரையில் மட்டும் அப்படித் தெரிவதாக நினைக்காதீர்கள். உள்ளே பதிவாவதே கேள்விக்குறிதான். பிறகு எந்தக் கருவியாலும் பெயரை மீட்க முடியாது. ஆகவே தமிழ் வரக்கூடிய கட்டங்கள் எல்லாம் 'என்வார்சார்' ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாப்டின் மாற்றுக் கருவி இதைத் தானாகவே சரியாகச் செய்யும். கணினிக் கடைக்காரர் கையால் அட்டவணை உருவாக்கும்போதுதான் தவறு நேர்கிறது. ஒப்படைக்கும் முன் ஒரு தமிழ்ப் பெயரை ஏற்றி, மூடி, திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'பெருமாள்' என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டு. ப, ஒற்றைக் கொம்பு, ர, உகரக் குறி என்று ஒவ்வொரு குறியையும் அது தனித்தனியே எண்ணும். ஆங்கிலப் பெயரைப் பார்த்து 30 இடம் போதும் என்று வைத்தால், தந்தை பெயரோடு சேர்த்து எழுதும் தமிழ்ப் பெயர் பாதியில் தடைபடும். 100 இடம் கொடுங்கள், நஷ்டமில்லை.

பழைய கோப்புகளில் இன்னொரு சங்கடம். யூனிகோடு பரவும் முன் தட்டச்சு செய்த தமிழ், உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட எழுத்துருவை மாட்டினால்தான் தமிழாகத் தெரியும். சர்வருக்கு மாற்றினாலும் அது அப்படியேதான் போகும். அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் கோணல் குறிகளாகத் தெரியும். இணைப்பதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பட்டியலை, பெயர்களை அறிந்த ஒரு பெரியவர் கண்ணால் ஒருமுறை பார்க்கட்டும்.

கடைசியாக, ஒவ்வோர் அட்டவணைக்கும் முதன்மைச் சாவி வேண்டும். அதாவது, எந்தப் பதிவு எது என்று ஐயமில்லாமல் காட்டும் எண். உறுப்பினர் அட்டவணைக்கு உறுப்பினர் எண். சாவி இல்லாத அட்டவணையை இணைத்தால் பார்க்கலாம், திருத்த முடியாது. இணைத்த பிறகு "ஒன்றுமே அடிக்க முடியவில்லை" என்று புகார் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இணைக்கும் வழி

தரவை நகர்த்த, மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'எஸ்கியூஎல் சர்வர் மைக்ரேஷன் அசிஸ்டன்ட்' என்ற கருவியின் ஆக்சஸுக்கான பதிப்பைப் பயன்படுத்தலாம். பழைய ஆக்சஸில் இதற்கென்று உள்ளேயே ஒரு வசதி இருந்தது; 2013 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். கருவி முதலில் ஓர் ஆய்வறிக்கை தரும். அதைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரே கட்டத்தில் பல மதிப்புகளை வைக்கும் வசதியையும் இணைப்புக் கோப்புகளையும் பயன்படுத்தியிருந்தால், அவற்றுக்கு சர்வரில் நேர் இணை இல்லை. முன்கூட்டியே தனி அட்டவணையாக்க வேண்டும்.

ஆக்சஸும் சர்வரும் பேசிக்கொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதற்கு ஓடிபிசி என்று பெயர். 1990-களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ள பொது ஏற்பாடு இது. ஒவ்வொரு கணினியிலும் எஸ்கியூஎல் சர்வருக்கான ஓடிபிசி டிரைவரை நிறுவ வேண்டும். விண்டோஸோடு வரும், வெறுமனே 'எஸ்கியூஎல் சர்வர்' என்று பெயர் கொண்ட டிரைவர் மிகப் பழையது. புதிய தேதி வகைகளை அது எழுத்தாகவே பார்க்கும். 17 அல்லது 18 என்ற எண் கொண்டதை எடுத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் பதிப்பு தொடர்பை மறைக்குறியாக்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கும். சர்வரின் சான்றிதழை நம்ப முடியவில்லை என்ற பிழை வந்தால் காரணம் இதுதான். உள் அலுவலக வலையமைப்பு என்றால், சர்வர் சான்றிதழை நம்பு என்ற தேர்வைக் குறித்துவிட்டுத் தொடரலாம்.

இங்கே பலர் அரைநாளைத் தொலைப்பது 32 பிட், 64 பிட் குழப்பத்தில். உங்கள் விண்டோஸ் எதுவாக இருந்தாலும், ஆக்சஸ் 32 பிட் என்றால் 32 பிட் ஓடிபிசி அமைப்பில்தான் இணைப்பைப் பதிவு செய்ய வேண்டும். விண்டோஸில் ஒரே மாதிரி தோற்றத்தில் இரண்டு ஓடிபிசி நிர்வாகத் திரைகள் இருக்கின்றன. தவறான திரையில் பதிவு செய்தால், 'கட்டமைப்புப் பொருந்தவில்லை' என்ற பொருளில் ஒரு பிழை வரும்.

எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவியதும் அதே கணினியில் மட்டுமே வேலை செய்யும். மற்ற கணினிகள் தொட, சர்வரின் உள்ளமைவு மேலாளரில் டிசிபி ஐபியை இயக்கி, விண்டோஸ் ஃபயர்வாலில் வழி திறக்க வேண்டும். அந்த வழியை இணையத்துக்கு மட்டும் திறந்துவிடாதீர்கள். வேறு ஊர்க் கிளை வர வேண்டுமானால் விபிஎன் அமைத்துக் கொடுங்கள்.

பிறகு ஆக்சஸில் 'எக்ஸ்டெர்னல் டேட்டா', 'நியூ டேட்டா சோர்ஸ்', 'ஃபுரம் அதர் சோர்சஸ்', 'ஓடிபிசி டேட்டாபேஸ்' என்று போக வேண்டும். அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும். முதலாவது இம்போர்ட், அது தரவை நகலெடுத்துக் கொண்டுவரும், அதன்பின் சர்வரோடு உறவு இல்லை. இரண்டாவதுதான் லிங்க். இணைந்த அட்டவணைகளின் பெயர் 'டிபிஓ' என்ற முன்னொட்டோடு வரும். பழைய பெயருக்கே மாற்றிவிடுங்கள். அப்போதுதான் பாரங்களும் அறிக்கைகளும் பழைய பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும். ஊழியர்களுக்குத் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பாரங்களில் தட்டச்சு மட்டும் செய்பவர்களுக்கு முழு ஆக்சஸ் வாங்கத் தேவையில்லை; இலவச ஆக்சஸ் ரன்டைம் போதும்.

முதல் வாரத்துத் தலைவலிகள்

யாருமே தொடாத பதிவைத் திருத்தினாலும் "வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று ஆக்சஸ் சண்டை போடலாம். ஆம், இல்லை என்று குறிக்கும் கட்டம் சர்வரில் வெறுமையாக இருந்தால் இப்படி நடக்கும். ஆக்சஸுக்கு ஆம், இல்லை என்ற இரண்டுதான் தெரியும். சர்வரில் இரண்டுமில்லாத மூன்றாவது நிலையும் உண்டு. வெறுமையாக உள்ளவற்றை 0 என்று நிரப்பி, இயல்பு மதிப்பையும் 0 ஆக்கிவிடுங்கள். ஒவ்வோர் அட்டவணையிலும் 'ரோவெர்ஷன்' வகைப் புலம் ஒன்றைச் சேர்த்தால், பதிவு மாறியதா என்பதை ஆக்சஸ் அதை மட்டும் பார்த்தே தெரிந்துகொள்ளும்.

ரசீது எண் இன்னொரு பெரிய விவகாரம். ஆக்சஸில் தட்டச்சு செய்யத் தொடங்கியதுமே தானியங்கி எண் வந்துவிடும். சர்வரில் பதிவைச் சேமித்த பிறகுதான் எண் கிடைக்கும். 'அச்சிடு' பொத்தான் சேமிப்பதற்கு முன்பே எண்ணைத் தேடினால் வெற்று ரசீது அச்சாகும். மேலும், எஸ்கியூஎல் சர்வர் 2012-க்குப் பிறகு, சர்வர் திடீரென நின்று எழுந்தால் தானியங்கி எண் 1000 தாண்டிக் குதிப்பதுண்டு. கணக்காய்வாளர் முன்னால் 4,217-க்குப் பிறகு 5,217 என்ற ரசீது இருந்தால், நடுவில் உள்ளவை எங்கே என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். ரசீதுக்கான எண்ணைத் தனி அட்டவணையில் வைத்து, முறைப்படி ஒன்றொன்றாகக் கூட்டுங்கள். சர்வரின் தானியங்கி எண் உள் அடையாளமாக மட்டும் இருக்கட்டும்.

வேகம் குறைந்துவிட்டது என்ற புகாரும் வரும். உறுப்பினர் பாரம் திறந்ததும் எல்லா உறுப்பினரையும் கேட்கும்படி பழைய கோப்பு எழுதப்பட்டிருக்கும். உறுப்பினர் எண்ணைக் கேட்டுவிட்டு அந்த ஒருவரை மட்டும் எடுக்கும்படி மாற்றினால் சரியாகிவிடும். வினவலின் நிபந்தனைக்குள் நாமே எழுதிய நிரல்களைச் சேர்த்திருந்தால், சர்வருக்கு அவை புரியாது. முழு அட்டவணையையும் இங்கே இழுத்து வந்துதான் ஆக்சஸ் சலிக்கும். ஆண்டு அறிக்கை போன்ற கனமான வேலைகளை சர்வரிலேயே ஒரு பார்வையாக எழுதி, அதை அட்டவணை போல இணைப்பது மேல். அல்லது 'பாஸ் த்ரூ' வினவலாக நேரே சர்வருக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது தமிழ்ப் பெயரைத் தேடினால், மேற்கோள் குறிக்கு முன் என் என்ற பெரிய ஆங்கில எழுத்து ஒன்று சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பழையபடி கேள்விக்குறிதான்.

கடவுச்சொல்

இணைக்கும்போது கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று ஆக்சஸ் கேட்கும். சரி என்றால், கடவுச்சொல் மறைக்கப்படாமல் முன்கோப்புக்குள்ளேயே எழுதப்படும். அந்தக் கோப்பு யார் பென்டிரைவில் போனாலும் கணக்கின் சாவி கூடவே போகும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுங்கள். ரசீது போடுபவருக்கு ரசீதை அழிக்கும் உரிமை தேவையில்லை. சர்வரில் அதைத் தனியாக மறுக்கலாம், ஆக்சஸ் கோப்பில் அது முடியாது. 'எஸ்ஏ' என்ற தலைமைப் பெயரை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது.

நம் நாட்டில் வணிகப் பரிவர்த்தனைகளில் கையாளப்படும் தனிநபர் தரவுக்கு 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2013 நவம்பர் 15 முதல் அது நடப்பில் உள்ளது. 2024-இல் செய்த திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமை 2025 ஜூன் 1 முதல் சேர்ந்திருக்கிறது. உறுப்பினரின் மைகார்ட் எண்ணும் வங்கிக் கணக்கும் அந்த அட்டவணைகளில்தான் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை நகல்

எங்கள் கிளையில் வெள்ளிக்கிழமை மாலை கோப்பை பென்டிரைவில் நகலெடுத்து, அக்கா தன் கைப்பையில் வீட்டுக்குக் கொண்டு போவார். கோப்பு கெட்ட அந்த நான்கு மாதப் பாடத்துக்குப் பிறகு வந்த பழக்கம் அது. சர்வருக்கு மாறிய பிறகும் தவறாமல் செய்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, முன்னெல்லாம் காப்பி எடுக்க பத்து நிமிசம் ஆகும். இப்ப பட்டுனு முடிஞ்சிடுது. கோப்பு ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?"

சின்னதாகத்தான் இருக்கும். தரவு சர்வரில் இருக்கிறது. முன்கோப்பில் இருப்பவை பாரங்களும் இணைப்புகளும் மட்டுமே. மூன்று வாரமாக அக்கா பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு போனதில் ஓர் உறுப்பினரின் பெயர்கூட இல்லை. சர்வரின் பேக்அப்பைப் பற்றி அமைத்துக் கொடுத்தவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பில் குறித்த நேரத்தில் தானே பேக்அப் எடுக்கும் ஏற்பாடு கிடையாது. விண்டோஸின் பணி அட்டவணையில் அதற்கான கட்டளையை நாமே எழுதி வைக்க வேண்டும்.

அன்று இரவு எட்டு மணி வரை இருந்து முதல் பேக்அப்பை எடுத்தோம். அதை இன்னொரு கணினியில் மீட்டுத் திறந்தோம். அக்கா, மைலோ டின் பாட்டியின் கணவருடைய உறுப்பினர் எண்ணை அடித்தார். மூன்று மாத ரசீதுகளும் இருந்தன. பிறகுதான் கைப்பையை எடுத்தார்.